பத்து மணிக்கு ஓர் அடி

முகாமிலிருந்து எங்களை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்ட மூன்றாம் மாதம், புரட்டாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பாலையடிக்குளத்துக்கு வடக்கே, முன்பு இயக்கத்தில் செத்தவர்களைப் புதைத்த துயிலுமில்லம் இருந்ததும் பிறகு புல்டோசர் ஓடி மட்டமாகிப் போனதுமான அந்த வெளியின் ஓரத்தில், கிரவல் வீதியின் நடுவில் ஒரு வலது காலடி விழுந்தது. விறகுக்குப் போன சின்னராசா அதைக் கண்டார். தன் கண்ணுக்கு முன்னாலேயே, ஆளில்லாமல், சத்தமில்லாமல், பிசைந்த மாவில் கைவைத்து அமத்தினதுபோல மண் உள்ளே போனதென்றும், குதி ஆழமாகவும் முன்பக்கம் மேலோட்டமாகவும் இருந்ததென்றும், சின்னவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் இல்லையென்றும் அவர் வந்து சொன்னபோது, நாங்கள் கொட்டில்களுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தோம், ஒருவரும் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. அடுத்த நாள் பத்து மணிக்கு அதற்கு முன்னால் ஓர் இடது காலடி விழுந்தது. அது ஐந்து விரலும் உள்ள முழுக்கால். அதற்கடுத்த நாள் மறுபடியும் வலது. மூன்றாம் அடியோடு அது ஊரைப் பார்த்து வருகிறதென்று தெரிந்தது. யாருடைய கால் என்பது முதல் அடியிலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அது பூரணத்தின் மகன் ஜெயரூபனின் கால்.

தகப்பன் குளக்கட்டில் பாம்பு கடித்துச் செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது, தங்கச்சி சுகிர்தா கைக்குழந்தை. பன்னிரண்டு வயதிலேயே தண்ணீர் இறைக்கிற மிசினைக் கழற்றிப் பூட்டப் பழகியவன், பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் அதை ஓடவைக்கத் தெரிந்தவன், தோட்டத்தில் மிசின் இருமினால் வேலிக்கு வெளியே நின்றே என்ன பிழை என்று சொல்லிவிடுவான். பதினேழாவது வயதில், ஒருவரும் பிடிக்காமல், ஒருவரும் கேட்காமல், சீனிப்பேணிக்குள் ஒரு துண்டு எழுதி வைத்துவிட்டு இயக்கத்துக்குப் போனான். அங்கே அவனுக்குச் சுடர்மாறன் என்று பெயர் வைத்தார்கள். விடுமுறையில் வரும்போது சீருடையைக் கழற்றிவைத்துவிட்டு எங்கள் மிசின்களைத் திருத்தித் தந்தான். ஊர் அவனைப் பார்த்துப் பெருமைப்பட்டது, அதை இப்போது மறைத்து என்ன பயன், படலையில் நின்று கையசைத்தவர்கள்தான் நாங்கள்.

பிறகு ஒரு மிதிவெடி அவனுடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தது. நடக்க முடியும், ஓட முடியாது என்று ஆனதும் அவனைச் சண்டையிலிருந்து எடுத்து, வீட்டுக்கு ஒருவர் என்று ஆள் சேர்க்கிற வேலைக்கு விட்டார்கள். அந்த வருடம் எங்கள் ஊரிலிருந்து பதின்மூன்று பிள்ளைகளை அவன் கொண்டுபோனான். தண்ணீர்த் தாங்கிக்குள்ளும் கிடங்குக்குள்ளும் நாங்கள் ஒளித்துவைத்த பிள்ளைகளை, நாங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை வந்து எடுத்துக்கொண்டு போனான். சத்தம் போடமாட்டான். தாய்மார் மண்ணில் விழுந்து காலைப் பிடித்துக் கதறும்போது காலை இழுக்கவும் மாட்டான், அவர்கள் களைத்துப்போய்க் கையை விடுமட்டும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான், விட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவான். பதின்மூன்றாவது பிள்ளையைக் கொண்டுபோனதோடு தன்னைத் திரும்பவும் சண்டைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டானாம். அனுப்பினார்கள். இருபதாம் நாள், கார்த்திகை மழைக்குள், திறக்க வேண்டாமென்று சொல்லி ஒரு பெட்டியைப் பூரணத்தின் வாசலில் இறக்கினார்கள். இருபத்துநான்கு வயது. பெட்டியைத் துயிலுமில்லத்தில் ஏழாவது வரிசையில் விதைத்துவிட்டு வந்த கொஞ்ச நாளில் சண்டை எங்கள் ஊருக்கே வந்தது, நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். அவன் கொண்டுபோன பதின்மூன்று பேரில் மூன்று பேர் மட்டும் திரும்பி வந்தார்கள்.

ஆகவே அந்தக் காலடி ஊரைப் பார்த்து வரத் தொடங்கியபோது, அதற்கு மாலை போடுவதா காறித் துப்புவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. சிலர் மாலை போட்டார்கள். சிலர் துப்பினார்கள். இரண்டையும் செய்தவர்களும் உண்டு.

மழை அடிகளை அழிக்கவில்லை, தண்ணீர் நிறைந்து அதற்குள் வாற்பேத்தைகள் நீந்தின, வெயில் வந்ததும் விளிம்பு மாறாமல் காய்ந்தன. எருமைகள் உழக்கிவிட்டுப் போன இடத்தில் அடுத்த காலை அடி அப்படியே இருந்தது. இரட்டைப் பிள்ளைகள் இருவரையும் அவனிடம் பறிகொடுத்த வேலாயுதர், வெள்ளிக்கிழமை தவறாமல் அலவாங்கோடு வந்து அடிகளைக் கிண்டிக் கிளறினார், சனிக்கிழமை அவை திரும்பவும் இருந்தன, ஒரு வருடத்துக்கு மேல் இப்படிக் கிண்டினார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த அடிக்குள் தன் காலை வைத்துப் பார்த்தார்.

"சின்னக் கால்," என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

ஆமிக்காரர் இரண்டு முறை வந்து அளந்து, படம் எடுத்து, யாருடைய கால் என்று கேட்டார்கள். நாங்கள் நாய் என்றோம், காற்று என்றோம், தெரியாது என்றோம். அடுத்த அடி விழவேண்டிய இடத்தில் மண் நிரப்பின பீப்பாய் ஒன்றை வைத்தார்கள், பத்து மணிக்குப் பீப்பாயின் மூடியில் இடது கால் பதிந்தது, பிறகு அவர்களே அதை உருட்டிக்கொண்டு போனார்கள். காவலுக்கு ஒரு நடுவயதுக் கோப்ரலை விட்டார்கள். அவர் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார், பத்து மணிக்கு எழுந்து ஒதுங்கி நிற்பார், அடி விழுந்ததும் கதிரையை ஒரு முழம் தள்ளிப் போடுவார். ஒருநாள், தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகும் பூரணத்திடம், தெரிந்த தமிழில் கேட்டார்.

"அம்மா, இது உங்க ஆளா?"

"எனக்குத் தெரியாது, ஐயா."

"என் தம்பியும் பெட்டியிலதான் வந்தது. திறக்க விடல்ல," என்று சொல்லி, தெற்கே போகிற வீதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அங்க எங்க ரோட்டில ஒண்டும் வரல்ல."

அடுத்த மாதம் அவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு காவல் இல்லை.

வீதிக்குத் தார் போட வந்த கொந்தறாத்துக்காரன் அடிகளை மூடித் தார் ஊற்றினான், இரண்டு நாளில் அவை தாருக்கு மேலே வந்தன, அவனும் தன் வேலையாட்களும் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசாமல் ரோலரை வளைத்து ஓட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பத்து மணிக்கு மணி அடிப்பார்கள், அந்த மணிக்கு வீதியில் போகிறவர்கள் ஒதுங்கி நிற்பது வழக்கமாயிற்று. வவுனியா பஸ் அந்த நேரத்தில் வந்தால் டிறைவர் எஞ்சினை நிறுத்துவார். கலியாண ஊர்வலமும் நின்றது, பிரேத ஊர்வலமும் நின்றது. சந்தியில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு கொட்டில் போட்டு உட்கார்ந்திருந்த தாய்மார், சில நாள் எழுந்து வந்து, ஆளைக் காணாத அந்த இடத்தைப் பார்த்து, "தம்பி, எங்கடை பிள்ளையளைக் கண்டனியே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போவார்கள்.

கணக்கு வாத்தியார் பொன்னுத்துரை மீற்றர் நாடா பிடித்து அளந்து, ஒரு நாளைக்கு ஓர் அடிப்படி சந்திக்கு வர இரண்டாயிரத்துத் தொளாயிரத்துச் சொச்சம் நாள் என்றும், இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு புரட்டாதியில் சந்தியில் இடது கைப்பக்கம் திரும்பி, மேலும் இரண்டு மாதத்தில் பூரணத்தின் படலைக்கு வருவானென்றும் சொன்னார். அன்றைக்குப் பூரணம் வெற்றிலை போடுவதை நிறுத்தினாள். அதுவரைக்கும் சாகக்கூடாதென்று ஆஸ்பத்திரியில் சொன்ன குளிசைகளை நேரம் தவறாமல் விழுங்கினாள். வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கட்ட வந்தபோது, படத்தில் தெற்குப் பார்த்திருந்த வாசலை வீதி பார்த்து வைக்கச் சொல்லி அலுவலர்களோடு மூன்று நாள் சண்டை பிடித்தாள். வீட்டில் இருந்த ஒரேயொரு அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, விரிப்பை வாரத்துக்கு ஒருமுறை தோய்த்து விரித்தாள். சுகிர்தாவும் தாயும் வெளி விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தார்கள்.

"அம்மா, நான் உயிரோட இருக்கிறன்," என்று சுகிர்தா ஒருநாள் சொன்னாள். "என்னையும் ஒருக்காப் பாருங்கோ."

பூரணம் அவளைப் பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது மகனை நினைத்து மகளை மறந்த தாயின் கோலம் என்றுதான் நாங்கள் அப்போது நினைத்தோம். சுகிர்தா ஆசிரியப் பயிற்சி முடித்து, செட்டிகுளத்தில் ஒரு நல்ல பெடியனைக் கட்டிக்கொண்டு போனாள்.

எட்டு வருடம் போனது. வாத்தியார் சொன்ன கணக்கு பதினொரு நாள்தான் பிழைத்தது. சந்திக்கு அடி வருகிற நாளில் காலை எட்டு மணிக்கே ஊர் அங்கே கூடிவிட்டது. பூரணம் மாம்பழ நிறத்தில் புதுச்சேலை உடுத்தி, வீட்டில் மகனுக்குப் பிடித்த கணவாய்க் கறி காய்ச்சி மூடிவைத்துவிட்டு வந்திருந்தாள். சுகிர்தா புருசனோடு வந்து தாய்க்குப் பக்கத்தில் நின்றாள். பள்ளிக்கூட மணி அடித்தது. தார் உள்ளே போனது. வலது கால், இரண்டு விரல் இல்லாத கால், தெளிவாக, சரிவாக, வலது கைப்பக்கம் பார்த்து விழுந்தது.

எல்லாரும் இடது பக்கம், பூரணத்தின் படலையைத் திரும்பிப் பார்த்தோம்.

"திரும்பேக்கை கால் கொஞ்சம் சறுக்கும்," என்று பொன்னுத்துரை வாத்தியார் சொன்னார். "நாளைக்குப் பாப்பம்."

அடுத்த நாள் இடது காலும் வலது பக்க ஒழுங்கைக்குள்தான் விழுந்தது. அந்த ஒழுங்கையில் நான்கு வளவுகள்தான். இரண்டின் சொந்தக்காரர்கள் கனடாவில், ஒன்று பற்றையாய்க் கிடந்தது. கடைசி வளவு தேவராணியுடையது. அவளுடைய மகள் கௌசிகாதான் அவன் கொண்டுபோன பதின்மூன்றாவது பிள்ளை. பதினேழு வயது. சண்டையின் கடைசி மாதங்களில் அவளைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள், செத்ததைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. புருசனையும் ஷெல்லுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்த தேவராணி, இந்த எட்டு வருடத்தில் ஒருமுறையேனும் அந்த அடிகளைப் பார்க்க வரவில்லை. மகளின் படத்தோடு சந்திக் கொட்டிலுக்குப் போவதென்றாலும் வீதியால் போகாமல் குளக்கட்டால் சுற்றித்தான் போவாள்.

"ஏனம்மா அங்கை போறான்?" என்று சுகிர்தா கேட்டாள்.

கூட்டம் பூரணத்தின் முகத்தைப் பார்க்காமல் கலைந்தது.

அன்றிலிருந்து அவள் பத்து மணிக்கு அந்த ஒழுங்கைக்குள் போய் நின்றாள். ஒருநாள், அடுத்த அடி விழக்கூடிய இடத்தில் குறுக்கே படுத்துக்கொண்டாள். "ராசா, வீடு அந்தப் பக்கம். வழி மறந்துபோனியே? எழும்பி வா அப்பன், நான் கூட்டிக்கொண்டு போறன்," என்று மண்ணோடு பேசினாள். மணி அடித்தது. அடி அவளுடைய சேலைத் தலைப்பில் விழுந்தது. துணியோடு சேர்ந்து மண் உள்ளே போனது, அவள் எழுந்தபோது தலைப்பு மண்ணிலிருந்து வரவில்லை, கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவள் மறிக்கவில்லை.

நூற்றுப் பன்னிரண்டாம் நாள் அடி தேவராணியின் படலைக்கு வந்தது. படலை சாத்தியிருந்தது. வலது காலுக்குப் பக்கத்தில் இடது கால் விழுந்தது, இரண்டும் சேர்ந்து, காத்து நிற்கிறவனின் கால்களைப்போல. அடுத்த நாள் புது அடி விழவில்லை. அதே இரண்டு அடிகளும் ஒரு நூல் ஆழமாயின. அதற்கடுத்த நாள் இன்னும் ஒரு நூல். நாற்பது நாள் அவன் அந்தப் படலையில் நின்றான். அடிகள் கணுக்கால் அளவு ஆழமாயின. தேவராணி படலையைத் திறக்கவில்லை, வேலியில் ஆள் நுழையப் பொட்டு வைத்து வெளியே போய் வந்தாள். நாற்பதாம் நாள் படலைக்கு உள்ளே நின்று அவளுடைய குரல் கேட்டது.

"பூரணமக்கா, உங்கடை மகனைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அவன் என்னோடை வரமாட்டானாம், ராணி."

"என்னத்துக்கு என்ரை படலையிலை நிக்கிறான்? நான் அவனை மறிச்சனானே? அண்டைக்கு நான் வீட்டிலேயே இல்லை. நிவாரண அரிசிக்கு வரிசையிலை நிண்டனான். வந்து பாத்தால் பிள்ளை இல்லை. இனி என்ன இருக்கு, கொண்டுபோறதுக்கு?"

பூரணம் படலையின் கம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒழுங்கையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். எங்களைப் போகச் சொல்லுவாளென்று நினைத்தோம், சொல்லவில்லை.

"ராணி," என்றாள், "பிள்ளையைக் கொண்டுபோனது அவன் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஒளிச்ச இடத்தை அவனுக்கு ஆர் காட்டினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நான்தான் காட்டினனான்."

அந்தக் காலையில் ஜெயரூபன் வீட்டுக்கு வந்து, அடுப்படி வாசலில் குந்தியிருந்து, இந்தக் கிழமை ஆளில்லாமல் வந்தால் உன்ரை தங்கச்சியைத்தான் எடுப்பம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள் என்று தாயிடம் சொல்லியிருக்கிறான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுகிர்தா அப்போது கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள், பாட்டு முணுமுணுக்கிற சத்தம் அடுப்படிக்குக் கேட்டது. முதல்நாள்தான் தேவராணி வந்து, பெரிய மனிசி என்று நம்பி, பிள்ளையை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வைக்கோற்போருக்குள் வைத்திருக்கிறேன், மூச்சு விடக் குழாய் வைத்திருக்கிறேன், தம்பி இந்தப் பக்கம் வராமல் நீங்கள்தான் பார்க்கவேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பூரணம் அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டு, மகனுடைய முகத்தைப் பார்க்காமல், வைக்கோற்போர் என்று சொன்னாள். அந்த ஒரு சொல்தான். அவன் கொஞ்ச நேரம் எழும்பாமல் இருந்தான். பிறகு எழும்பிப் போனான்.

பூரணம் இதைச் சொல்லி முடித்தபோது தேவராணி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

அடுத்த நாள் பத்து மணிக்கு, சாத்தியிருந்த படலைக்கு உள்ளே, முற்றத்து மண்ணில், ஒரு வலது காலடி விழுந்திருந்தது. தேவராணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படலையைத் திறந்து, வெளியே நின்ற பூரணத்திடம், "நேற்றுச் சொன்னதை இண்டைக்கும் சொல்லுங்கோ," என்றாள்.

அன்றும் சொன்னாள். அடுத்த நாள் இன்னோர் அடி. பூரணத்துக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் வரமுடியாமல் போனது, அன்று அடி விழவில்லை. அவள் சொன்னால் அடி வரும், சொல்லாவிட்டால் வராது என்று ஊர் விளங்கிக்கொண்டது. தேவராணி நாளுக்கொரு கேள்வி கேட்டாள். பிள்ளை என்ன சட்டை போட்டிருந்தவள்? நீல நிறத்தில் பூப்போட்டது. தலைமயிரில் வைக்கோல் இருந்ததோ? இருந்தது, பூரணத்தின் வீட்டுக்கு முன்னால் வாகனம் நின்றபோது பிள்ளையே ஒன்றொன்றாய் எடுத்துப் போட்டாள். அவன் எந்தக் கையில் பிடித்திருந்தான்? பிடிக்கவில்லை, அவளே முன்னால் நடந்து ஏறினாள். ஊரில் சிலர் பூரணத்தைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போனார்கள். கடையில் அவளுக்குச் சாமான் கட்டிக் கொடுக்கிறவன் பேசாமல் கொடுத்தான். எங்களில் எத்தனை வீட்டில் எத்தனை சொல் சொல்லப்பட்டதென்று எங்களுக்கும் தெரியும், அதனால் ஒருவரும் அவளுக்கு முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை.

செய்தி செட்டிகுளத்துக்குப் போய் சுகிர்தா ஒரு மத்தியானம் வந்தாள். படியேறவில்லை, முற்றத்தில் குடையைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னை ஏன் கேக்கேல்லை?"

"உனக்குப் பதினாறு வயசு, பிள்ளை."

"கௌசிக்குப் பதினேழு. ஒரு வகுப்புத்தான் மேலை. எனக்குச் சைக்கிள் பழக்கினவள்." குடையை மடக்கினாள். "இவ்வளவு நாளும் என்ரை முகத்தைப் பாக்கேலாமல் இருந்தது இதுக்குத்தானே அம்மா? நான் என்ன பிழை செய்தனான்?"

பூரணம் அப்போதும் அவளைப் பார்க்கவில்லை. சுகிர்தா அடுத்த பஸ்ஸில் போனாள். ஒரு மாதத்துக்கு மேல் ஃபோன் எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள், குளிசை போடுகிறீர்களா என்று மட்டும் கேட்டாள்.

படலையிலிருந்து தேவராணியின் வாசற்படிக்குப் பதினேழு அடி. பதினாறாவது அடி விழுந்த நாளில் பூரணம் முற்றத்தில் நின்றாள். சொல்லவேண்டிய எல்லாவற்றையும் பலமுறை சொல்லியாகிவிட்டது. தேவராணி படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட்க வேறு கேள்வி இருக்கவில்லை.

"இன்னும் ஒண்டு இருக்கு, ராணி," என்றாள் பூரணம். "வாகனம் என்ரை படலையிலை நிண்டது. பிள்ளை என்னைக் கூப்பிட்டவள். பெரியம்மா, நான் அழேல்லை எண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோ எண்டு சொன்னவள். நான் வந்து சொல்லியிருக்கலாம். அண்டைக்கே சொல்லியிருக்கலாம், முகாமிலை பக்கத்துப் பக்கத்துக் கூடாரத்திலை இருக்கேக்கை சொல்லியிருக்கலாம். சொன்னால், நான் அங்கை நிண்டு பாத்தனான் எண்டு தெரிஞ்சுபோம். அதுக்காகச் சொல்லேல்லை. பத்து வருசமா வைச்சிருந்தனான்."

தேவராணி நிமிர்ந்து பார்த்தாள். "அழுதவளோ?"

"அழுதுகொண்டுதான் சொன்னவள்."

தேவராணி தலையை ஆட்டினாள். "அவளுக்கு அழாமல் ஒண்டும் சொல்லத் தெரியாது," என்றாள்.

அடுத்த நாள் ஊர் முழுவதும் அந்த ஒழுங்கையில் நின்றது. வேலாயுதர்கூட வந்திருந்தார். தேவராணி வீட்டைக் கூட்டி, வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, கௌசிகாவின் படத்தைச் சந்திக் கொட்டிலிலிருந்து எடுத்து வந்து உள்ளே வைத்திருந்தாள். மணி அடித்தது. பதினேழாவது அடி, வலது கால், வாசற்படியின் சீமெந்தில் விழுந்தது. இடது கால் நாளைக்கு வருமென்று எல்லாரும் போனோம். நாளைக்கும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவன் நடந்து முடித்துவிட்டான்.

நான்காம் நாள் தேவராணி படியைவிட்டு இறங்கி, அந்த அடிகளின் பக்கத்தில், படலை வரைக்கும், பிறகு ஒழுங்கை வரைக்கும், குனிந்து எதையோ தேடிக்கொண்டு போனாள். பூரணம் அவளுக்குப் பின்னால் போனாள்.

"என்ன தேடுறாய், ராணி?"

"அவன் தனியத்தான் வந்தவனோ?" என்று தேவராணி கேட்டாள். "கூட்டிக்கொண்டு போனவன் கூட்டிக்கொண்டுதானே வருவான் எண்டு நினைச்சன். அவளுக்குச் சின்னக் கால், அடி மெல்லிசா விழும், அதுதான் ஒருத்தருக்கும் தெரியேல்லை எண்டு நினைச்சன். அதுக்காகத்தான் படலையைத் திறந்தனான், அக்கா. உங்களுக்காக இல்லை. அவனுக்காகவும் இல்லை."

பூரணம் முழந்தாளிட்டு அந்த மண்ணைக் கையால் தடவிப் பார்த்தாள், தேவராணி விட்ட இடங்களையும் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஆனால் அவளுடைய விரல் பட்ட இடத்தில், மகனுடைய காலடியின் விளிம்பு பொரிந்து உதிர்ந்தது. எட்டு வருடத்துக்கு மேல் அலவாங்குக்கும் எருமைக்கும் அசையாத அடி, இப்போது எந்த மனிசரின் காலடியும் போல வெறும் மண்ணாயிருந்தது. அதைக் கண்டதும் அவளுடைய வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பெட்டி வந்த நாளில்கூட நாங்கள் கேட்காத சத்தம். தேவராணி பக்கத்தில் நின்றாள். தொடவில்லை, போகவுமில்லை.

அந்த நேரத்தில் குளத்துப் பக்கம் இருண்டு, காலம் தப்பின பங்குனி மழை ஒன்று வருகிற காற்று அடித்தது. பூரணம் கண்ணைத் துடைத்துவிட்டு எழும்பினாள்.

"மழை வருகுது. நான் போறன், ராணி. இனி வரமாட்டன். அவன்ரை கால் உன்ரை முத்தத்திலை ஏன், கூட்டித் தள்ளிவிடு."

தேவராணி வீட்டுக்குப் பின்னால் போனாள். விளக்குமாறு எடுக்கப் போகிறாளென்று நாங்கள் நினைத்தோம். முகாமில் தந்த நீலத் தறப்பாளை மடித்தபடி தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கூட்டேலாது," என்றாள். "அவள் வந்தால் வழி தெரியவேணும். அவனுக்குப் பின்னாலை போனவள், அவன்ரை அடியைப் பாத்துத்தான் வருவாள்."

தறப்பாள் நீளமானது, ஒருவரால் விரிக்க முடியாது. முதல் துளிகள் விழத் தொடங்கியிருந்தன. தேவராணி ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மற்ற நுனியை நீட்டினாள், பூரணம் அதை வாங்கிக்கொண்டு, அடிகளை மிதிக்காமல், பின்பக்கமாகப் படலையை நோக்கி நடந்தாள்.